பெர்லினுக்கு உம் பட்டறையில் ஒரு வேலை

சேரன்மகாதேவி,
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் அன்பான மைத்துனர் மணிராஜ் அவர்களுக்கு, அப்பாத்துரை எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் எழுத, முப்பது வருஷம் பள்ளிக்கூட கிளார்க்காக இருந்த கை ஒத்துழைக்கவில்லை. போனில் சொல்லலாம், சொன்னால் உம் தங்கை கிரேஸ் அடுக்களையிலிருந்தே திருத்தம் சொல்லுவாள். ஆகையால் கடிதம்.

மகன் பெர்லின் நைஜீரியாவிலிருந்து வந்துவிட்டான். லீவு என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். லீவு இல்லை. அவன் வெல்டிங் அடித்த எண்ணெய்க் குழாயை அங்கே ஓர் ஆயுதக் கும்பல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. வேலை நின்றுபோய்ப் பாதிப் பேரைக் கம்பெனி அனுப்பிவிட்டது. அதோடு முடிந்திருந்தால் நான் உமக்குத் தபால்தலை செலவழித்திருக்க மாட்டேன். ஜனவரியில் மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியானது, அது கிடைத்தால் மஞ்சள் ஹெல்மெட் போய் வெள்ளை ஹெல்மெட் வரும், அதற்காக நான் மூன்று நாள் உபவாச ஜெபம் இருந்தது உமக்குத் தெரியும், மயங்கி விழுந்த என்னை ஆட்டோவில் ஏற்றியவரே நீர்தானே. பதவி அவனோடு வேலை பார்த்த மேலப்பாளையத்துப் பாவாவுக்குப் போயிற்று. நான் ஒரு வாரம் கர்த்தரோடு பேசவில்லை. குழாய் வெடித்த இரண்டாம் வாரம், இவர்களைக் கேம்பிலிருந்து ஏற்றிப் போன படகை முகமூடிக்காரர்கள் மறித்து, வெள்ளை ஹெல்மெட் போட்ட மூன்று பேரை மட்டும் கொண்டுபோய்விட்டார்கள். அதில் பாவாவும் ஒருவர். பயத்தில் பெர்லினும் எழுந்திருக்கிறான். "வெல்டர், நீ உட்காரு" என்று ஒருவன் துப்பாக்கியால் தோளை அமுக்கினானாம்.

அவனுக்குத் தெரிந்த குரல், மைத்துனரே. கேம்பில் இவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவன். ஆற்றில் எண்ணெய் படிந்து மீன் செத்ததால் வலையை விட்டுவிட்டுக் கரண்டி பிடித்தவன். குழாய் வெடித்துக் கேம்ப் பாதி மூடியதும் கரண்டியும் போயிற்று.

பாவா பற்றி இன்றுவரை தகவல் இல்லை. போன ஞாயிறு பெர்லினை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஸமீஹா டீ கொடுத்தாள். இவன் டம்ளரைத் தொடவில்லை.

"அவுக அங்கன சாப்பாட்டுக்கு என்ன செய்யுதாகளோ?" என்று கேட்டாள்.

"நல்ல சமையக்காரன் கூட இருக்கான்க்கா" என்றான் இவன். சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்து, என் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் சாவியைத் தேடுவதுபோல் ரொம்ப நேரம் பையைத் துழாவினேன்.

வீட்டு மாடி பாதியில் நின்று, கம்பிகள் வானத்தைப் பார்க்கின்றன. அவனுக்குப் பேசிய பாளையங்கோட்டைப் பெண்வீட்டார் ஜெபித்துச் சொல்கிறோம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நீளமான ஜெபத்தை நான் எந்த கன்வென்ஷனிலும் கேட்டதில்லை. போகட்டும். உம் திசையன்விளைப் பட்டறையில் கேட், ஜன்னல் கம்பி அடிக்க அவனைச் சேர்த்துக்கொள்ளும். சம்பளம் உம் இஷ்டம். இனி அவன் அந்தத் திசைக்கே போகமாட்டான். நான் போகவிட மாட்டேன். இதை என் வாக்காக எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். உம் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
அப்பாத்துரை

பி.கு.: தபாலில் போடுமுன் வியாழக்கிழமை ஆகிவிட்டது. மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். நேற்றுக் காலை கம்பெனியிலிருந்து போன் வந்தது. குழாயைச் சரிசெய்யப் போகிறார்களாம், படகுக்கு முன்னும் பின்னும் ராணுவம் வருமாம், அபாயப்படி என்று சம்பளம் இரட்டிப்பாம். கிரேஸ் அவன் சட்டைகளை இஸ்திரி போட்டாள். சாயங்காலம் நெல்லை ஜங்ஷனில் அவனை ரயிலேற்றிவிட நான்தான் போனேன். "போவாதலே" என்று சொல்லத்தான் ஜன்னலோரம் நடந்தேன். "பாத்துப் போலே" என்றுதான் வாயில் வந்தது.