சட்டைப்பையில் ஒரு போல்ட்

பதினான்கு பிள்ளைகள் ஏறிப்போகும் வேனின் போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் ஒருமுறை வீட்டுக்குப் போயிருக்கிறேன். மறதியில் அல்ல, தெரிந்தே செய்தேன். கண்டியில் முப்பது வருடம் கணிதம் கற்பித்தவன் நான். பதினான்கு என்றால் எத்தனை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வேன் நீட்டுக்கை நானாவுடையது. உலகத்தில் கை போகாத இடமாகப் பார்த்துப் போல்ட் வைக்கிற பொறியியலாளர்கள் எல்லோரும் தன்னை மனதில் வைத்தே அப்படிச் செய்கிறார்கள் என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

ஆள் குட்டை. கை அதைவிடக் குட்டை. பெயர் வந்தது அவரிடம் இருந்த நீட்டுக்கம்பிகளால். ஒன்றின் வாலில் ஒன்றாக நாலைந்து கம்பிகளைக் கொழுவி, முனையில் போல்ட் தலையைக் கவ்வும் சொக்கட்டை மாட்டினால் குடையைவிட நீளமாக வரும். அதைக் கொண்டு அடுத்த வீட்டு அழைப்பு மணியைத் தன் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே அடிப்பார். அவர்கள் வந்து கதவைத் திறந்தால், "சுகமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்.

திகனயிலிருந்து கண்டிக்குப் பாடசாலை வேன் ஓட்டுவது அவர் தொழில். முன் இருக்கையில் நான் நிரந்தர ஓசிப் பயணி. ஒரு வருடம் அந்த ஓட்டோ கியர் வேன் மேடு கண்டால் மூச்சுத் திணறத் தொடங்கியது. இஞ்சின் கத்தும், வேன் நகராது. கராஜில் கியர்பொக்ஸையே மாற்றச் சொன்னார்கள்.

"அவனுக்கும் ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை," என்றார் நானா. "சேர், ஒங்கட கை மெலிஞ்ச கை. நீங்களும் வாங்க. பள்ளிக்கூடம் விடுமுறைதானே."

வேனை மரக்கட்டைகள் மேல் ஏற்றி, அடியில் பாய் விரித்து இருவரும் படுத்தோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் நானா பிஸ்கட் பெட்டி அட்டையொன்றில் குத்தி வைத்தார். அந்த அட்டையில் கியர்பொக்ஸின் படத்தை வரைந்து, போல்ட் இருந்த இடமெல்லாம் ஓட்டை போட்டிருந்தார்.

"அட்டை காலியானா வேலை முடிஞ்சு. ஒண்டு மிஞ்சினா மௌத்து, சாவுதான்," என்றார்.

தேய்ந்துபோன தட்டுகளை மாற்றி, கியர்பொக்ஸைத் திரும்ப ஏற்றிய நாள் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பாடசாலை தொடங்குகிறது. இஞ்சினோடு அது சேரும் இடத்தில் எட்டுப் போல்ட். ஆறு கைக்கு எட்டும். உச்சியில் இருக்கும் இரண்டுக்கும் வேறு கதை. கியர்பொக்ஸின் பின்பக்கத்தை ஜாக்கோடு சற்றுத் தாழ்த்தி, மேலே உண்டாகும் சந்துக்குள் முழு நீட்டுக்கம்பியையும் விட்டுத் தடவித் தேட வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போகும் வழியில் போல்ட் கழன்று விழாமலிருக்கச் சொக்கட்டுக்குள், பிசின் போல ஒட்டும் இனிப்பான தொதலில் ஒரு துண்டை அப்புவார் நானா.

"கிறீஸ் வழுக்கும் சேர். எங்கட வீட்டுத் தொதல் கடிச்ச பல்லையே விடாது, போல்ட்ட விடுமா?"

அடுப்படியில் அவர் மனைவி ஏதோ ஒரு சட்டியைச் சத்தமாக வைத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. உச்சிப் போல்ட்டில் ஒன்றை நானா போட்டு முடித்தபோது அவர் தோள் பிடித்துக்கொண்டது. கடைசிப் போல்ட்டை என்னிடம் தந்தார். தொதல் அப்பிக் கம்பியை விட்டேன். மரை பிடிக்கவில்லை. மூன்று முறை விழுந்தது, ஒருமுறை என் நெற்றியில். ஈர மண்ணில் ஜாக் ஓர் அங்குலம் இறங்கியது. மேலே வேன் முனகியது. மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் அவ்வளவு இரும்பு. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. நாலாம் முறை விழுந்த போல்ட்டை எடுத்துப் பையில் போட்டேன்.

"பிடிச்சிட்டா சேர்?"

"பிடிச்சிருச்சு நானா."

"இறுகிட்டா?"

"இறுகிருச்சு."

நானா தவழ்ந்து வெளியே போய் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். எல்லா ஓட்டைகளிலும் வெளிச்சம் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். நான் வீட்டுக்குப் போய் விடியும்வரை கணக்குப் பார்த்தேன். எட்டில் ஏழு. என் பாடப் பரீட்சையில் அந்தப் புள்ளிக்கு அதிவிசேட சித்தி கிடைக்கும்.

திங்கட்கிழமை அந்தப் போல்ட்டை வெளுத்த சட்டையின் பைக்கு மாற்றிக்கொண்டு வேனில் ஏறினேன். தென்னகும்புர பாலத்தில் மகாவலிக்குள் வீசிவிடுவது என் திட்டம். வேன் புதுமாப்பிள்ளை போல மேடு ஏறியது. பின்னால் பிள்ளைகள் பாடினார்கள். நானாவும் சேர்ந்து பாடினார்.

குண்டசாலை தாண்டியதும், கியர் மாறும்போது அடியில் 'டக்' என்றது.

நானா பாட்டை நிறுத்தினார். "ஒரு சத்தம் ஈக்கிது சேர்."

"மழையில நனைஞ்சதுல்ல நானா."

"இரும்பு நனைஞ்சா சத்தம் போடுமா? நீங்க படிச்ச ஆள், சொல்றீங்க."

மறுபடியும் டக். அப்போதுதான் என் கழுத்தில் முதல் எறும்பு கடித்தது. தட்டிவிடக் கையைத் தூக்கினால் பையைப் பார்ப்பாரோ என்று கடிக்க விட்டேன். இரண்டாவது கடித்தது. போல்ட்டில் இருந்த தொதல் என் நினைவில் இல்லை. எறும்புகளின் நினைவில் இருந்தது.

"பொக்கெட்டுல என்ன வெச்சீக்கிறீங்க? எறும்பு மொய்க்கிது."

இனிப்பு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பின்னால் பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன்னே இறக்கத்தில் பாலம் தெரிந்தது. போல்ட்டை எடுத்து, எறும்போடும் தொதலோடும், அவர் முன்னால் வைத்தேன்.

நானா கத்தவில்லை. அதை ஒருமுறை பார்த்தார். மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து வேனை ஓரம் கட்டினார். பிள்ளைகளை இறக்கி வரிசையில் நிறுத்தி இரண்டு தரம் எண்ணினார். கை காட்டி பஸ் ஒன்றை நிறுத்தினார்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க சேர்," என்றார். "ஒண்டையும் பொக்கெட்டுல போட்டுறாதீங்க."

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின்னேரம் மறுபடியும் அதே பாய். நானா நீட்டுக்கம்பியை என் கையில் திணித்து, அதன் முனையைச் சந்து வழியே உச்சிக்குக் கொண்டுபோனார். முந்தின நாள் அவரே இறுக்கிய போல்ட், தனியாகச் சுமந்ததில், கம்பி தொட்டதுமே ஆடியது.

"மன்னிச்சிருங்க நானா."

"என்ட மன்னிப்பு என்னத்துக்கு சேர்? பதினாலு வீடு ஈக்கிது."

அந்த வாரம் பதினான்கு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இப்படிச் செய்தேன் என்று சொன்னேன். சிலர் தேத்தண்ணீர் தந்தார்கள். ஒரு தாய் கதவைச் சாத்தினார். ஒரு தகப்பன் என் பழைய மாணவன். முதலில் சிரித்தான், பிறகு தன் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். மூன்று வீட்டார் பிள்ளைகளை வேனிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் குற்றத்துக்குத் தண்டனை நானாவுக்குப் போனது. அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே அவர் என்னை அனுப்பியிருந்தார்.

அதன்பின் நான் பஸ்ஸில் போனேன். காலையில் தரிப்பிடத்தைத் தாண்டி வேன் போகும். முன் இருக்கை வெறுமையாக இருக்கும். நானா திரும்பிப் பார்க்கமாட்டார்.

மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு அவர் மனைவி தெருவில் என்னை மறித்தார். "யாரோ ஒராள்ட வேன் வந்தீக்கிதாம் சேர். உச்சிப் போல்ட்டாம். மெலிஞ்ச கை வேணுமாம்."

போய்ப் படுத்தேன். இரண்டு மணித்தியாலம் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. இந்தமுறை, "பயமா இருக்கு நானா," என்றேன். "எனக்கும்தான்," என்றார். இரண்டு போல்ட்டும் பிடித்தன. புறப்படும்போது நீட்டுக்கம்பியை வாசலுக்குக் குறுக்கே நீட்டினார்.

"பொக்கெட்டக் காட்டுங்க சேர்."

வெளியே இழுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. சும்மா பேசப் போனாலும் காட்ட வேண்டும். பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட்டு எழுந்தால், விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் முன்னால் காட்ட வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகும், அவர் வேனை விற்ற பிறகும் காட்டினேன்.

கடைசியாகப் போனபோது நானா படுக்கையில் இருந்தார். கை தூக்க முடியவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து ஓசைப்படாமல் எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் போர்வை மேல் விரல் அசைந்தது. திரும்பி வந்து குனிந்து, பையை வெளியே இழுத்து அவர் கையருகே பிடித்தேன். கண்ணைத் திறக்காமல், உச்சிப் போல்ட்டைத் தேடுவதுபோல, இரண்டு விரலால் தையல் ஓரம்வரை தடவிப் பார்த்தார்.

"சரி சேர்," என்றார். "போய்ட்டு வாங்க."