கரண்டி அண்ணையும் இடம் மாறிய மச்சமும்

கரண்டியின் முதுகுப்பக்கம் எதற்காகப் படைக்கப்பட்டது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே அறிந்திருந்த ஒரே மனிதர் எங்கள் கரண்டி அண்ணைதான். மற்றவர்களெல்லாம் குழிந்த பக்கத்தோடு காலத்தைப் போக்கிக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாடி அறையில் அவரும் நானும் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். குருநகர்க்காரர், நாற்பதை நெருங்கிய பிரமச்சாரி. பகலில் ஒரு கிளினிக்கில் பொய்ப்பல் கட்டுவார். பின்னேரத்தில் மரத்தில் படம் வெட்டுவார். பலாப் பலகையை வழுவழுவென்று தேய்த்து, பென்சிலால் கீறி, குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளியால் வேண்டாத இடத்தைத் தோண்டுவார். மேடாக நிற்கும் கோடுகளில் துணிப்பொட்டணத்தால் மை ஒற்றி, ஈரப் பேப்பரைப் போட்டு, கரண்டி முதுகால் நடுவிலிருந்து விளிம்புவரை தேய்ப்பார்.

"ஒரு மெசின் வாங்கலாமே அண்ணை?"

"மெசினுக்கு எங்கை அமத்திறது, எங்கை தடவிறது எண்டு தெரியாதடா தம்பி."

அந்தக் கரண்டி வீட்டுக்கார அன்ரியுடையது. ஒருநாள் தேங்காய்ப்பால் சொதி கறுப்பாக வந்தது.

"என்ன அன்ரி போட்டனீங்கள்?"

"நான் ஒண்டும் போடேல்லை. உவரைக் கேளும்!"

அண்ணை தலை நிமிரவில்லை. "நல்ல மை, அன்ரி. வயித்துக்கு ஒண்டும் செய்யாது." நான் கடைக்குப் போய்ப் பாண் வாங்கினேன். அவர் சொதியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

அவருக்கு இருந்த ஒரே வருத்தம் தலையிடி. அதுவும் பலாலி வீதிப் பாமசியைக் கண்டால்தான் வரும். அங்கே மருந்து கொடுக்கும் பெண்பிள்ளைக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். தினமும் இரண்டு குளிசை வாங்குவார், விழுங்கமாட்டார். அவருடைய மேசை லாச்சியே ஒரு பாமசியாகிவிட்டது.

"இண்டைக்காவது கதைச்சியளோ?"

"ஓம். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னவ." வேதவாக்குப் போலச் சொல்வார்.

அவளுக்குச் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பாமசியில் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. வாயால் சொல்ல முடியாததை மரத்தால் சொல்வதென்று அண்ணை முடிவெடுத்தார். மூன்று கிழமை அவள் முகத்தை வெட்டினார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பேப்பரின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, திருப்திப்பட்டு, மெல்ல உரித்தெடுத்தார். அவளே வந்து நின்றாள்.

நான் பகிடிக்காரன். சும்மா இருக்கலாமா?

"அண்ணை, மச்சம் வலப்பக்கம் போட்டுதே! உது ஆரின்ரை பிள்ளை?"

பலகையில் வெட்டுவது பேப்பரில் இடம்வலம் மாறித்தான் விழும். அவருக்கு அது தெரியாததல்ல. அவளை நினைத்துக் கீறியபோதுதான் மறந்துவிட்டார். பக்கத்து அறைக்காரரும் வந்து சிரித்தார்கள். அண்ணை அரத்தை எடுத்துப் பலகையை மட்டமாக அராவினார்.

"நாளைக்குக் குடுக்கேல்லையோ?"

"பிழையான முகத்தை எப்பிடியடா குடுக்கிறது?"

அவர் கசக்காமல் எறிந்த அந்த ஒரு படத்தை நான் எடுத்து வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் பாமசிக்குக் கொண்டுபோனேன்.

"மச்சம் பக்கம் மாறிப்போச்சு. குறை நினையாதேங்கோ."

அவள் நெடுநேரம் பார்த்தாள். "எங்கை மாறினது? சீப்பாலை தலை இழுக்கேக்கை கண்ணாடியிலை நான் பாக்கிற முகம் உதுதானே. போட்டோவிலைதான் ஆரோ மாதிரி இருப்பன்." பிறகு, "அந்தத் தலையிடிக்காரரோ கீறினது?" என்றாள்.

"ஓம்."

"அவரின்ரை பேர் என்ன?"

"கரண்டி அண்ணை."

அவள் சிரிக்கவில்லை. "சரியான பேரைச் சொல்லுங்கோ."

இரண்டு வருடம் ஒரே அறை. எனக்குத் தெரியாது. "நில்லுங்கோ, ஆளையே கூட்டிக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை மிதித்தேன்.

கட்டில் வெறுமையாகக் கிடந்தது. "காலமை பஸ்ஸிலை மன்னாருக்குப் போட்டார். அங்கையும் பல்லுக் கட்டுற வேலையாம்" என்றார் அன்ரி. அன்ரியின் வாடகைக் கொப்பியைப் புரட்டினோம். 'மேல் அறை, பல்லு' என்று மட்டும் எழுதியிருந்தது.

திரும்பிப் போய் அவள் முன் நின்றேன். படத்தை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருந்தாள். "கண்டால், நான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

கிளினிக்கிலும் அவர் கரண்டி அண்ணைதான்; குருநகரில் அந்தப் பேரில் யாரையும் தெரியாதாம். மூன்று தடவை மன்னாருக்குப் போய்விட்டேன். பல் கட்டும் இடங்களில் பெயரில்லாத ஒருவரைத் தேடி வந்தேன் என்றால், முதலில் என் வாயைத்தான் திறக்கச் சொல்கிறார்கள்.

அண்ணை, இந்தப் பக்கம் உங்கள் கண்ணில் பட்டால் ஒருக்கால் கதையுங்கோ. அவ உங்கடை பேர் கேட்டவ. எனக்கும் தெரியவேணும்.