ஓடுதே சார்

மென்பொருள் எழுதுகிறவர்களில் பல ரகம் உண்டு. இப்போது நாம் பார்க்கப்போவது ‘என் மெஷின்ல ஓடுதே’ ரகம். உங்கள் அலுவலகத்தில் இல்லை என்று அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீர்கள். நன்றாகத் தேடிப் பாருங்கள்.

எங்கள் அலுவலகத்து ஆளுக்கு ‘ஓடுதே சார்’ என்றே பெயர். லைப்ரரி எழுதுவது இவர் வேலை. புத்தகம் அடுக்குகிற லைப்ரரி இல்லை. ரசீது அச்சடிப்பது போன்ற ஒரு வேலையை ஒருவர் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்தால், பத்து மென்பொருள்கள் அதை எடுத்துப் புழங்கிக்கொள்ளும், அந்த லைப்ரரி. விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாலும் அது அனுசரித்துப் போக வேண்டும். போகும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சத்தியம் செய்வார் சார். ஆனால் ஓட்டிப் பார்ப்பது, மூடியில் பசைநாடா ஒட்டிய, ஆறு வருடமாக எதையெதையோ ஏற்றிவைத்த, என்ன ஏற்றினோம் என்று அவருக்கே மறந்துபோன தன் மடிக்கணினியில் மட்டும். பிறகென்ன? ஓடாமல் எங்கே போகும்?

போன வியாழக்கிழமை, சாரின் ரசீது லைப்ரரியைச் சோதித்து அனுப்ப வேண்டிய பெண், மதியம் ஒரு மணிக்கே வந்து நின்றாள். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அம்மாவை அனுப்புகிறார்கள். கூட்டிப்போக வேறு ஆள் இல்லை.

“சார், ரசீது வெறும் கட்டம் கட்டமா வருது.”

“என் மெஷின்ல ஓடுதே!”

“என் மெஷின்ல ஓடலையே சார்.”

“அப்ப உங்க மெஷினைப் பாருங்க.”

இரண்டு மணி நேரம் அவள் தன் மெஷினையே பார்த்தாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. அச்சுக்கான எழுத்துருவை லைப்ரரிக்குள் வைக்காமல், சார் தன் கணினியின் முகப்புத் திரையில், தன் பெயரிலுள்ள ஃபோல்டரில் வைத்திருக்கிறார். லைப்ரரி எந்த ஊருக்குப் போனாலும் சார் வீட்டைத்தான் தேடுகிறது!

சார் அசரவில்லை. அவள் கணினியிலும் தன் பெயரில் ஒரு ஃபோல்டரைத் திறந்து எழுத்துருவைப் போட்டார்.

“பாத்தீங்களா, ஓடுதே!”

“வாங்கறவங்களோட நாப்பது கிளையிலயும் உங்க பேர்ல ஃபோல்டர் போடணுமா சார்?”

“ஒரு தடவைதானேம்மா!”

அவள் லினக்ஸ் கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

“இதுல சி டிரைவ் எங்க?” என்று ஃபோல்டர் போட இடம் தேடினார் சார்.

“லினக்ஸ்ல சி டிரைவே கிடையாது சார்.”

“அது லினக்ஸோட தப்பு.”

மணி நாலு அடித்த பிறகுதான் எழுத்துரு லைப்ரரிக்குள் போனது. பத்து நிமிட வேலை. மூன்று கணினியிலும் பார்த்து, அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் அந்தப் பெண். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில், மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் சாரிடம் சொன்னேன்.

“அந்த ஆஸ்பத்திரிக்கா லேட்டாச்சு?” என்றார் நிஜமான வியப்போடு. “நான் போனா இருபது நிமிஷம்தானே ஆகும்!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்கிறது என்று ஒரு மாதமாக உங்கள் மனைவி சொல்கிறாரே, போய் ஒரே இழுப்பில் திறந்து காட்டிவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்?