மரியதாஸ் மாஸ்டர் பூட்டிய கோட்டை

மாலை ஐந்து நாற்பது.

வாழ்க மரியதாஸ்! மயிலைப் பங்குக் கோயிலின் பாடகர் குழுத் தலைவன், கறுப்பு வெள்ளைக் கட்டைகளின் கோமான், சுருதி விலகியோரை ஒற்றைப் புருவத்தால் அடக்கும் பெருந்தகை, பாஸ்வேர்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டிவைத்த மதியூகி, வாழ்க!

அவன் சினம் எழுந்த காரணம் கேளுங்கள். குழுவினர் எல்லோரும் தத்தம் போனில் திறக்கும் பாடல் தாள் ஒன்று இணையத்தில் உண்டு. அதில் உள்ளதே கோயிலின் பெரிய திரையில் விழும். திரையில் விழுவதையே சபை பாடும். இத்தனை வருடங்களில் அவன் மெட்டு ஒன்றுகூடப் பங்குத் திருவிழாவில் ஒலித்ததில்லை. இம்முறை பூசையைத் தொடங்கும் வருகைப் பாடலாகத் தன் பாடலை ஏற்றினான். சோஃபியா என்னும் இளம் வீராங்கனை அதை நீக்கி வேறொன்றை நட்டாள். அவன் ஏற்ற, அவள் நீக்க, அவன் மீண்டும் ஏற்ற, அவள் மீண்டும் நீக்க, பட்டினப்பாக்கத்து அலையென ஓயாது நடந்தது போர். இடையே தூதும் வந்தது: “அங்கிள், அந்த ஹை நோட்டுக்குப் போனா ஒருத்தரும் திரும்பி வர மாட்டாங்க.” ஒத்திகையில் அந்த இடத்தை இருமியே கடந்தவன் மரியதாஸ். ஆயினும் மறந்தான், மறக்காமல் எந்த வீரன் வாளெடுப்பான்?

இவ்விடத்தில் யானைப்படையை வருணிக்க வேண்டும். யானை இல்லை. திரையை இயக்கும் ஆஸ்டினின் பழைய லேப்டாப் மட்டும் விசிறி சுழலப் பிளிறியது.

அதன்முன் அமர்ந்தான் மரியதாஸ். கார்க் கதவில் நசுங்கிய வலக்கை விரலின் வெள்ளைக் கட்டு வெற்றிக்கொடியென விளங்க, முதலில் கோட்டையைப் பூட்டுவோம், பாடலைப் பிறகு ஏற்றுவோம் என வியூகம் வகுத்து, பீடத்துப் பூச்சாடிகள் அதிர முழங்கினான்:

“இக்கணம் முதல் கீபோர்டிஸ்ட் ஒருவரே இத்தாளில் கைவைக்கலாம்! உரிமை தருவதும் பறிப்பதும் அவர் பொறுப்பு! ஏனையோர் பார்க்கலாம், தொடலாகாது!”

அழுத்தினான். அரண் மூடியது. கர்சர் மறைந்தது. ‘நீங்கள் பார்க்க மட்டுமே முடியும்’ என்றது தாள். வருகைப் பாடலின் இடத்தில் சோஃபியா நட்டதே நின்றது.

“இன்னா மாஸ்டர் பண்ணி வச்சீங்க? என்னையும் சேர்த்து வெளிய தள்ளிட்டீங்களே!” என்றான் ஆஸ்டின்.

“நான்தானேடா கீபோர்டிஸ்ட்?”

“விரல் நசுங்குன அன்னிக்கு நீங்கதான் இந்தத் தாள்ல சோஃபியாவை கீபோர்டிஸ்ட்டுன்னு போட்டீங்க. உங்களைப் பாடுறவங்களோட சேர்த்துட்டீங்க.”

உண்மை. இந்தத் திருவிழாவுக்கு மட்டும் அவள் வாசிக்கட்டும் என்று, பெருந்தன்மை ததும்ப, இடக்கையால் தானே செய்த மாற்றம். அதிகாரம் ஆளைப் பார்ப்பதில்லை. அமர்ந்திருக்கும் நாற்காலியைப் பார்க்கிறது. நாற்காலியோ நாலடி தள்ளி, சோஃபியாவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“ரிக்வெஸ்ட் அனுப்புங்க மாஸ்டர். வேற வழி இல்ல.”

அனுப்பினான். கீபோர்டின் மேலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. சோஃபியா எடுத்துப் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். கோயில் மணி அடித்தது. சபை எழுந்து நின்றது. அவள் விரல்கள் கட்டைகளின் மேல் இறங்கின.

மரியதாஸ் குனிந்து கேட்டார்.

“சோஃபியாம்மா, கொஞ்சம் அந்த போனைப் பாரேன்.”