காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்ன மச்சானுக்கு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட அடியேன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உயிரோடு இருக்கிறோம். "நலம்" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது, இப்போதைக்கு உயிரோடு இருப்பதையே நலமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமா? இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நடுவில் சிரிப்பீர்கள். கடிதத்தில் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது.

புதுக் கார் வாங்கியதும் பழையதை எங்கள் பேக்கரிக்கு என்று கொடுத்தீர்கள். பெரிய மனசு, மறுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துவிட்டு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "மாப்ளே, இதுல க்ரூஸ் கண்ட்ரோல் இருக்கு. முன்னாடி போற வண்டி மெதுவாப் போனா இதுவும் மெதுவாப் போகும், அது வேகம் எடுத்தா இதுவும் எடுக்கும். பட்டனை அமுக்கிட்டுக் காலை மடக்கி வச்சுக்கோ. மத்ததை வண்டி பாத்துக்கும்." நானும் நம்பினேன். உங்கள் பேச்சை நம்பித்தான் உங்கள் வீட்டில் பெண் எடுத்தேன். அதில் ஒரு குறையும் வரவில்லை என்பதால் காரிலும் வராது என்று நினைத்துவிட்டேன்.

நேற்று ஒரு கல்யாண வரவேற்புக்கு நாலடுக்குக் கேக். நம் ஒற்றை அறைப் பேக்கரியில் இதுவரை அத்தனை பெரிய கேக் செய்ததில்லை. மண்டபத்துக்காரர் தம் மகள் கல்யாணத்துக்கே நம்மிடம் சொன்னார் என்றால், இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்த மண்டபத்துக் கேக் எல்லாம் இனி நம்முடையது. சேராவிட்டால் ஊர் பூராவும் நம் பெயர் நாறிவிடும். பின் சீட்டில் பாதியை மடக்கிக் கேக்கை வைத்தோம். மீதிப் பாதியில் உங்கள் தங்கை அதை அணைத்தபடி உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டுவதற்குள் நான் இரண்டு தடவை பிரேக் போட்டேன். இரண்டு தடவையும் பின்னாலிருந்து "ஐயோ" என்றாள். பிறகு, "உங்க கால் ஒரு நிலையில நிக்காது. அண்ணன் சொன்ன பட்டனை அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். ஆகவே இதில் உங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பங்கு இருக்கிறது.

ஐந்தாவது கியர், எண்பது வேகம், முன்னால் நாற்காலி ஏற்றிய ஒரு லாரி. காலை மடக்கி வைத்துக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்ச நேரம் நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேன். பிறகு மேடு வந்தது. லாரி முக்கி முனகி ஏற ஆரம்பித்தது, நம் வண்டியும் மரியாதையாக அதன் பின்னால் மெதுவாக, இன்னும் மெதுவாக, ஆனால் கியர் மட்டும் அதே ஐந்தாவது, வண்டி உள்ளுக்குள்ளிருந்து உதற ஆரம்பித்துவிட்டது. ஸ்டியரிங் நடுங்குகிறது, என் பல் அடித்துக்கொள்கிறது, "என்னங்க, கேக்குக்குக் குளிர்ஜுரம் வந்த மாதிரி ஆடுதுங்க!" என்று அவள் கத்துகிறாள். அப்போதுதான் மண்டையில் உறைத்தது: வேகத்தை வண்டி பார்த்துக்கொள்ளும், கியரை யார் பார்த்துக்கொள்வது? அவசரமாகக் கிளட்சை மிதித்தேன். பதற்றத்தில் அதை மிதித்தபடியே கியரைத் தேடினேன் போலிருக்கிறது, வண்டி 'பீப்' என்று கோபித்துக்கொண்டு க்ரூஸையே விட்டுவிட்டது, நாங்கள் மேட்டில் பின்னால் சறுக்கப் பார்க்க, நான் மூன்றாவதைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்துத் தப்பித்து, கொஞ்சம் வேகம் வந்ததும் மறுபடியும் பட்டனை அமுக்கிக் காலை மடக்கிக்கொண்டேன். ஏன் அமுக்கினாய் என்று கேட்காதீர்கள். பின் சீட்டு உத்தரவு.

இப்போதுதான் கதை. மேட்டைத் தாண்டியதும் லாரி இடது பக்கம் ஒரு கிடங்குக்குள் திரும்பிப் போய்விட்டது. முன்னால் யாருமில்லை என்றதும் நம் வண்டிக்கு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி சந்தோஷம். பழைய எண்பதைப் பிடிக்கப் பாய்ந்தது. கியரோ மூன்றாவது. இன்ஜின் அலறியது. நான் கியரைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தேன்: எதிரே ரயில் கேட் மூடியிருக்கிறது, வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, நாங்கள் அவற்றை நோக்கிப் பறக்கிறோம்.

"பிரேக்கைப் போடுங்க!"

"வண்டி பாத்துக்கும்னு உங்க அண்ணன்..."

"அது பாக்கலைங்க!"

அது பார்க்கவில்லை மச்சான். ஓடுகிற லாரியை அத்தனை கவனமாகப் பார்த்த வண்டி, நிற்கிற வண்டிகளைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மடக்கி வைத்த கால் எனக்கு மரத்துப் போயிருந்தது. அதை இழுத்து எடுத்த அந்த நேரம் இருக்கிறதே, அதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. பிரேக்கின் மேல் ஏறியே நின்றேன். கிளட்ச் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. வண்டி கிறீச்சென்று இழுபட்டு, ஒரு குலுக்கு குலுக்கி, இன்ஜின் அணைந்து நின்றது. முன்னால் நின்ற வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்கூட நுழைய முடியாது.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கேக் போயிருந்தால் கடை போச்சு. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்... கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவள் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"என்னங்க... உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

மச்சான், பொய் சொல்லவில்லை, அழுதுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால், உங்கள் தங்கை தன் உடம்பையே கேக்குக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். இடது கன்னம் இரண்டாவது அடுக்குக்குள் காது வரை புதைந்திருக்கிறது. மேல் இரண்டு அடுக்கும் அவள் தோளில் சாய்ந்து இளைப்பாறுகின்றன. "என்னை எடுக்காதீங்க, எடுத்தா எல்லாம் விழுந்துடும். அப்படியே ஓட்டுங்க" என்றாள். கேட் திறந்ததும் முதல் கியரும் இரண்டாவது கியருமாக, என் சொந்தக் காலால், மண்டபம் வரைக்கும் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்ததையும் திட்டியதையும் இங்கே எழுத முடியாது.

மண்டபத்தின் பின்வாசல் வழியாக அவளையும் கேக்கையும் ஒன்றாகவே இறக்கி, சமையலறையில் வைத்துப் பிரித்தோம். க்ரீமை வழித்துப் பூசி, கன்னம் போன பள்ளத்தைச் சர்க்கரைப் பூக்களால் மூடி நிமிர்ந்தவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். தோடு இல்லை. அதற்குள் மேளதாளமாகக் கேக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

யார் வாயில் போகும்? யார் பல் உடையும்? மணப்பெண் கத்தியை வைத்ததும் உங்கள் தங்கை மேடையேறி, "மீதியை நாங்க வெட்டித் தர்றோம், அதுதான் எங்க வழக்கம்" என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு வழக்கம் எங்களுக்கு இல்லவே இல்லை. ஒவ்வொரு துண்டையும் கத்தியால் அமுக்கி அமுக்கி வெட்டுகிறாள். நான் தட்டு நீட்டியபடி சாப்பிடுகிறவர்கள் தாடைகளையே பார்க்கிறேன். மண்டபத்துக்காரர் வந்து தமக்கு ஒரு துண்டு கேட்டார். கத்தி 'டிக்' என்றது. உங்கள் தங்கை முகத்தில் ஓர் அசைவு இல்லை. சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் எதையோ தள்ளி உள்ளங்கையில் மறைத்துவிட்டுத் துண்டை நீட்டினாள். அவர் சாப்பிட்டு, "ரொம்ப மிருதுவா இருக்கு" என்றார். நான் அங்கேயே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே மச்சான், முடிவாகச் சொல்கிறேன். இனி அந்த வண்டியை நான் தொட மாட்டேன். கழுவி, க்ரீமை எல்லாம் துடைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போங்கள். நான் பழையபடி வாடகை வேனில் போய்க்கொள்கிறேன். வேகமும் கியரும் பிரேக்கும் ஒரே ஆள் கையில் இருப்பதுதான் எனக்கு நிம்மதி.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், முன்னால் நிற்பது எதுவாயினும் கண்ணுக்குத் தெரிகிற பார்வையோடும் வாழ்க.

இப்படிக்கு,
பிரேக்கிலிருந்து காலை எடுக்காத
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: சனிக்கிழமை வர வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் மண்டபத்துக்காரர் போன் செய்தார். அவருடைய மலையடிவார மண்டபத்துக்கு அன்றைக்கே ஆறடுக்குக் கேக் வேண்டுமாம். என்னைக் கேட்காமலே உங்கள் தங்கை சரி சொல்லிவிட்டாள். வேன்காரர் அன்று வர முடியாதென்கிறார். பெரிய சாலை முழுக்க க்ரூஸ்தான் போட வேண்டுமென்று வீட்டில் உத்தரவாகிவிட்டது. முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளியைக் கூட்ட ஸ்டியரிங்கில் ஒரு பட்டன் இருக்கிறதாமே, அதை ஒரு தடவை தட்ட வேண்டுமா, அழுத்திப் பிடிக்க வேண்டுமா? கடிதம் கண்டதும் போன் செய்யவும். சிரித்தாலும் பரவாயில்லை.