உட்காரத் தகுதியுள்ளவர்கள்

மனிதர்கள் மூன்று வகைப்படுவர் என்பது அந்தச் சோபாக் கடையின் அசைக்க முடியாத கொள்கை. உட்காரக் கூடியவர்கள், தொட்டுப் பார்க்கக் கூடியவர்கள், எட்ட நின்று பார்க்க மட்டுமே கூடியவர்கள். ஆள் வாசலைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் எந்த வகை என்று பிரித்துவிட வேண்டும். அதில் கெட்டிக்காரரான விற்பனையாளருக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும்தான் உபயோகப்பட்டது.

தராசு எடை போடுவது காலைப் பார்த்து. முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "முகத்தைப் பார்த்தா இரக்கம் வரும், இரக்கம் வந்தா தள்ளுபடி கேட்பான்" என்பது மேனேஜரின் உபதேசம். பளபளக்கும் ஷூ வந்தால், "உட்காருங்க சார், எப்படி அமுங்குது பாருங்க!" தேய்ந்த செருப்பு வந்தால், "அதுல உட்காராதீங்க, அது சும்மா பார்வைக்கு வச்சது."

கடை நிறைய நாற்காலி இருந்தும் விற்பனையாளர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சரக்கு பழசாகிவிடுமாம். சூப்பர்வைசருக்கு மட்டும் ஒரு சுழல் நாற்காலி உண்டு. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதிலிருந்து அது காலியாகக் கிடந்தது. தராசு தினமும் வீட்டுக்குப் போய் வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு புலம்புவார்.

"அந்த நாற்காலி மட்டும் கிடைச்சிட்டா போதும்மா, வேற எதுவும் வேண்டாம்."

"கிடைக்கும், பொறுங்க" என்று மனைவி காலைப் பிடித்துவிடுவாள். பாவம், அவளும்தான் எத்தனை நாள் பிடிப்பாள்!

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் மெத்தைகளுக்குப் பின்னால் கூப்பிட்டுக் குசுகுசுத்தார்.

"தலைமை அலுவலகத்திலிருந்து மாறுவேஷத்துல ஓர் அதிகாரி வராராம். வர்றவங்களை நாம எப்படிக் கவனிக்கிறோம்னு பார்ப்பாராம். அடுத்த சூப்பர்வைசர் யாருன்னு அவர்தான் முடிவு பண்ணுவார்."

"எப்படி சார் வருவார்?" என்றார் தராசு.

"அதிகாரி வேஷம் போட்டா எப்படிய்யா வருவார்? ஏழையாத்தான். பகட்டா வந்தா அது வேஷமா?"

மறுக்க முடியாத வாதம். அந்த நிமிஷமே கடையின் கொள்கை தலைகீழாகத் திருத்தியமைக்கப்பட்டது. தேய்ந்த செருப்புக்குச் சோபாவும் பழச்சாறும். கிழிந்த சட்டைக்குக் கூடுதலாக ஒரு தலையணை. ஷூ போட்டவர்கள் எட்ட நிற்க வேண்டியது.

ஊர் சும்மா இருக்குமா? கார்க்காரர்கள் தெருமுனையிலேயே இறங்கி, கடை வாசல் காவல்காரன் செருப்பை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரே இருந்த செருப்புக் கடையில் 'புதுச் செருப்பு தேய்த்துத் தரப்படும்' என்று பலகை தொங்கியது. தேய்த்ததற்கு விலை அதிகம். கல்லூரிப் பிள்ளைகள் அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள். உண்மையில் இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் கடைக்குப் போவதென்றால் பெட்டியிலிருக்கும் ஒரே நல்ல சட்டையைத் தேய்த்து, செருப்புக்கும் மெருகேற்றிப் போட்டுக்கொண்டுதானே வருவார்கள்? வந்தார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு ஊக்கு குத்திய செருப்போடு ஒருவர் வந்து பெரிய சோபாவில் படுத்துக் குறட்டை விட்டார். இவர்தான் அதிகாரி என்று தராசுக்குச் சந்தேகமே இல்லை. பழச்சாற்றோடு பக்கத்திலேயே காத்து நின்றார். அப்போது வார் கூட மடங்காத ஒரு ஜோடி புதுச் செருப்பு அருகில் வந்தது. உயர்த்தியாகத் தெரிந்தது. ஆகவே மூன்றாம் வகை.

"என்னங்க, ஒரு சின்ன நாற்காலி பார்க்கணும்."

"அங்கிருந்தே பாருங்கம்மா."

"புதுச் செருப்பு காலைக் கடிக்குதுங்க. கொஞ்சம் உட்காரட்டுமா?"

"உட்கார்றதுக்கெல்லாம் இல்ல. தள்ளி நில்லுங்க, பெரியவர் தூங்குறார்."

"என்னங்க இது, நான்தாங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

குரல் எங்கேயோ கேட்டதாகத்தான் இருந்தது. ஆனால் கடையின் கொள்கையில் குரலுக்கு இடமில்லை. புதுச் செருப்பு நொண்டிக்கொண்டே வெளியேறியது.

உடனே வாசல் காவல்காரன் ஓடி வந்தான். "என்ன சார், உங்க சம்சாரமாமே! உங்க மானம் போகக் கூடாதுன்னு கடன் வாங்கிச் செருப்பு வாங்கிப் போட்டுட்டு வந்தாங்களாம். அழுதுகிட்டே போறாங்க!"

அன்றுதான் தராசு கடைக்குள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். எதிரே ஒருவர் நின்றிருந்தார். தேய்ந்ததும் இல்லை, பளபளப்பும் இல்லை, சாதாரண ஷூ. காலையிலிருந்து அவரை யாரும் கவனிக்கவே இல்லை.

"நான்தான் தலைமை அலுவலகம்" என்றார் அவர். மாறுவேஷச் செலவுக்கு மேலிடம் பணம் ஒதுக்கவில்லையாம், அதனால் மாறாமலே வந்துவிட்டாராம்.

வேலை போச்சு என்றே தராசு முடிவு கட்டினார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொந்த மனைவி என்றும் பாராமல் நிற்க வைத்த உமது பாரபட்சமற்ற தன்மை போற்றத்தக்கது. நாற்காலி உமக்கே. இனி ஊழியர் அனைவரும் மாதம் ஒருமுறை தம் குடும்பத்தாரை இங்கே வரவழைத்து, நிற்க வைத்து, நேர்மையை நிரூபிக்க வேண்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் தன் மாமியாரிலிருந்தே தொடங்குவதாக உற்சாகமாக அறிவித்தார். சத்தத்தில் கண் விழித்த பெரியவர், "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, எதிரே போய்த் தன் செருப்புக் கடையைத் திறந்தார்.

தராசு சாயங்காலம் வரை சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏனோ கால் வலி போகவில்லை.

வீட்டில் மனைவி, கொப்புளம் கண்ட காலை இருந்த ஒரே முக்காலியில் நீட்டி வைத்திருந்தாள். இவர் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். அவள் நிமிரவே இல்லை. இவருடைய காலையே பார்த்தாள்.

"நாற்காலி கிடைச்சிடுச்சும்மா... நான்தாம்மா, உன் வீட்டுக்காரன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."