பொத்தானை விடாதவர்

'கேக்குதா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிற மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாண வீட்டில் அவர்களைச் சமாளித்துவிடலாம். இலையில் கவனம் வைத்தால் போதும். ஆனால் அப்படிப்பட்டவர் கையில் ஒரு வாக்கி-டாக்கியைக் கொடுத்தால் என்ன ஆகும்? எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கொடுத்துப் பார்த்தார்கள்.

அவர் பெயர் விஜய்ராஜ். தீயணைப்பு நிலைய அலுவலர். நல்லவர், கைச்சுத்தமானவர், கோழிக்கூட்டில் பாம்பு என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வருவார். குறை ஒன்றுதான்: பேச்சு. வாக்கி-டாக்கியில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்ற அத்தனை பேரும் வாய்மூடி இருக்க வேண்டும். அந்தக் கடைசி ஏற்பாடு விஜய்ராஜுக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆடிப்பெருக்கன்று மலையடிவார ஓடையில் குளிக்க ஊரே திரண்டிருந்தது. அங்கே செல்போன் எடுக்காது. அதனால் காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் பொதுவாகப் புத்தம்புது வாக்கி-டாக்கிகள் வந்திருந்தன. மேலே தடுப்பணையருகே காவலர் உமாதேவி. கீழே குளிக்கும் துறையில், கயிறோடு தீயணைப்பு வீரர் அஜய்குமார். துறைக்கு மேலே, புளியோதரை கொடுக்கும் பந்தலில் விஜய்ராஜ்.

தொடங்கினார். "ஹலோ, விஜய்ராஜ் பேசுறேன். எல்லாருக்கும் கேக்குதா? நல்லது. புளியோதரை வாங்குறவக வரிசையில வரணும். வரிசைன்னா என்ன? ஒருத்தர் பின்னால ஒருத்தர்..."

மேலே உமாதேவி ஓடையைப் பார்த்தார். தெளிவாக ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. முறிந்த கிளைகள் உருண்டு வந்தன. மலையில் கனமழை! பொத்தானை அழுத்தினார். 'பீப்' என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி 'பீப்'.

"...வண்டிய நிழல்ல விடாதீக, நிழல் ஆளுகளுக்கு..."

"நிறுத்துங்க சார்!" என்று கத்தினார். கருவியில் ஒரு குறையுமில்லை. விஜய்ராஜின் குரல் கணீரென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்நேரம் மேலே ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து மலைச்சாமியின் ஜீப் இறங்கி வந்தது. உமாதேவி குறுக்கே பாய்ந்தார்.

"அண்ணே, துறைக்கு விடுங்க! வெள்ளம் வருது!"

"கெட்டியாப் பிடிச்சுக்கத்தா!" என்றார் மலைச்சாமி. அந்தக் கொண்டையூசி வளைவுகளில் ஜீப் எப்படி நிமிர்ந்து நின்றது என்பது அவருக்கே தெரியாது.

பந்தலுக்குள் மூச்சிரைக்க ஓடிவந்த உமாதேவியைப் பார்த்ததும் விஜய்ராஜ் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். பொறு, பேசிக்கொண்டிருக்கிறேன்! உமாதேவி பொறுக்கவில்லை. அதிகாரி என்றும் பார்க்காமல் அவர் கையிலிருந்து கருவியைப் பிடுங்கினார்.

"வெள்ளம் வருது. எல்லாரையும் கரையேத்துங்க!"

அவ்வளவுதான் பேச்சு. கீழே அஜய்குமாரின் விசில் அலறியது. ஜனம் விழுந்தடித்துக் கரையேறியது. விஜய்ராஜும் சும்மா நிற்கவில்லை. ஓடையில் இறங்கி இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். துவைத்த சேலையை எடுக்கத் திரும்பிப் போன சோணையம்மாளை மட்டும் இடுப்பளவு வெள்ளத்திலிருந்து கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்தது.

"ஐயோ, என் சேலை போச்சே!"

"நீ இருக்கேல்ல ஆத்தா!" என்றார் அஜய்குமார்.

வெள்ளம் சேலைகளையும் செருப்புகளையும் ஒரு அண்டா புளியோதரையையும் கொண்டுபோனது. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

ஈரம் சொட்டச் சொட்ட விஜய்ராஜ் கேட்டார்: "ஏம்மா, இதை மேலருந்தே வாக்கியில சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல விட்டீகளா சார்?"

விஜய்ராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. தரையில் உட்கார்ந்தார். கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளையே பார்த்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் ஊர் கண்டது.

மறுநாள் எல்லோரையும் கூட்டி உமாதேவியிடம் மன்னிப்புக் கேட்டார். மனதாரத்தான் கேட்டார். பிறகு, வாக்கி-டாக்கியில் ஏன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பதை விளக்க ஆரம்பித்தார். டீ வந்தது, ஆறியது, திரும்பிப் போனது. ஆனால் அதன்பின் கருவியில் அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. மிச்சத்தையெல்லாம் வீட்டில் பேசிக்கொள்கிறாராம்.

இதைப் படித்ததும், 'அட, இது அப்படியே நம்ம மச்சான்!' என்று அவருக்குப் போன் போடத் தோன்றுமே? தாராளமாகப் போடுங்கள். ஒன்று மட்டும்: அவரும் இதைப் படித்துவிட்டு அரைமணி நேரமாக உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் லைன் பிஸியாகவே இருக்கிறதாம்.